வேண்டாத ஆட்டங்களை யார் வாங்குவார்கள்? மிச்சிகன் சீசன் டிக்கெட்டின் 2014 கணக்கு

2014 செப்டம்பர் கடைசி வாரத்தில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சலுகை அறிவிப்பு வெளியானது. கடையில் இரண்டு பாட்டில் கோகோ கோலா வாங்கினால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அடுத்த அமெரிக்கக் கால்பந்து (ஃபுட்பால்) ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் இலவசம். இரண்டு பாட்டிலும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று டாலர்தான். ஆட்டம் செப்டம்பர் 27, சனிக்கிழமை, மினசோட்டாவுடன். செய்தி பரவிய வேகத்திலேயே சலுகை திரும்பப் பெறப்பட்டது. தவறான புரிதலால் நேர்ந்தது என்று பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை விளக்கம் சொன்னது.

வெளியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ஆட்டத்தின் டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாக, முழு விலையும் அதன்மேல் ஒரு நன்கொடையும் கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். அவர்களில் பலர் அந்த ஆட்டத்துக்குப் போவதாகவே இல்லை. வாங்கும்போதே, 'மினசோட்டாவை விற்றுவிடலாம்' என்று மனக்கணக்கு போட்டு வைத்திருந்தார்கள். விற்கப் போன இடத்தில் டிக்கெட் ஒன்றின் விலை ஒன்றரை டாலர் என்று பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்குச் சீசன் டிக்கெட் எடுத்து, பிடித்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, மற்றவற்றை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்பது அங்கே பரவலான நம்பிக்கை. அலுவலகத்தில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசுகிறவர்களில் ஒருவராவது, 'நான் பார்க்கும் ஆட்டங்கள் எனக்கு இலவசம்' என்று சொல்லியிருப்பார். அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க 2014-ஆம் ஆண்டின் மிச்சிகனைப் போல வசதியான சந்தர்ப்பம் வேறில்லை. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

மைதானமும் டிக்கெட்டும்

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரின் மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பின்படி சுமார் 1,14,000. அதன் கால்பந்து மைதானத்தில் 2014-இல் 1,09,901 பேர் அமரலாம். ஊரையே உள்ளே உட்காரவைத்துவிடலாம் என்பது மிகையல்ல. 1927-இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிக் கட்டப்பட்டது. தெருவில் நின்று பார்த்தால் அத்தனை பெரிய கிண்ணம் உள்ளே இருப்பதே தெரியாது. 1975 நவம்பரிலிருந்து அங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம் வந்ததாகக் கணக்கு. இந்தத் தொடர்ச்சியை விளையாட்டுத் துறை மகுடம்போலச் சுமந்தது. பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

உட்கார இருப்பது தனித்தனி நாற்காலி அல்ல, நீளமான பெஞ்சு. எண் குறித்திருக்கும் இடம்தான் உங்கள் இருக்கை. செப்டம்பர் வெயிலில் சட்டையோடு வருகிறவர்களுக்கு அது போதும். நவம்பரில் எல்லோரும் தடித்த கோட்டு மாட்டிக்கொண்டு வந்தால், இருபது பேருக்கான வரிசையில் பதினேழு பேர்தான் கொள்வார்கள். கடைசியில் வருகிறவர் எண்ணைச் சுட்டிக்காட்டி முறையிட, வரிசை முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே ஒருக்களிக்கும். குளிர்கால ஆட்டத்தின் டிக்கெட் ஏன் மலிவாகப் போகிறது என்று கேட்பவர்களை அந்தப் பெஞ்சில் மூன்றரை மணி நேரம் உட்காரச் சொல்ல வேண்டும்.

ஓர் அணி சீசனுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடும். அவற்றில் ஏழு அல்லது எட்டு சொந்த மைதானத்தில். சீசன் டிக்கெட் என்பது இந்த ஏழெட்டு ஆட்டங்களுக்கும் ஒரே இருக்கை. நல்ல இடம் வேண்டுமானால் டிக்கெட் விலை மட்டும் போதாது. 2005 முதல் மிச்சிகனில் இருக்கைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் நன்கொடையும் கட்ட வேண்டும். நன்கொடை என்பது பெயருக்குத்தான், கட்டாவிட்டால் அந்த இடம் கிடைக்காது. இதைக் கட்டணம் என்று சொல்லாமல் நன்கொடை என்று சொன்னதற்கு வரிச் சட்டத்தில் காரணம் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏழு ஆட்டங்களையும் ஒரே கட்டாக விற்பதன் சூட்சுமம் நம் ஊர் விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. யூரியா வாங்கப் போனால் நுண்ணூட்டப் பாக்கெட்டையும் சேர்த்துத் தலையில் கட்டும் உரக்கடையின் வேலைதான் இது. எல்லோருக்கும் வேண்டியது ஓஹாயோ ஸ்டேட் ஆட்டம். கூடவே வருவது, சிறிய கல்லூரி ஒன்று பெருந்தொகை வாங்கிக்கொண்டு வந்து தோற்றுவிட்டுப் போகும் ஆட்டம்.

மூன்று பெரிய ஆட்டங்களும் வெளியூரில்

மிச்சிகன் ரசிகர்களுக்கு மூன்று எதிரிகள் முக்கியம்: ஓஹாயோ ஸ்டேட், அதே மாநிலத்து மிச்சிகன் ஸ்டேட், நோட்ர டேம். 2013-இல் நோட்ர டேமும் ஓஹாயோ ஸ்டேட்டும் ஆன் ஆர்பருக்கு வந்தன. நெப்ராஸ்காவும் வந்தது. செப்டம்பர் 7 இரவு நடந்த நோட்ர டேம் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 1,15,109. அந்த ஆண்டில் சீசன் டிக்கெட் வைத்திருந்தவர் எந்த ஆட்டத்தை விற்றாலும் கேட்க ஆள் இருந்தது.

2014-இல் மூன்றுமே வெளியூர் ஆட்டங்கள். இது தற்செயல் அல்ல. ஓஹாயோ ஸ்டேட் ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே. நோட்ர டேமும் அப்படியே. மிச்சிகன் ஸ்டேட் மட்டும் இவற்றுக்கு எதிர்முறையில் வந்துகொண்டிருந்தது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெரிய ஆட்டமாவது உள்ளூரில் மிஞ்சும். 2014-இல் ரட்கர்ஸும் மேரிலாந்தும் சேர்ந்ததால், மிச்சிகன் ஆடும் 'பிக் டென்' கூட்டமைப்பு தன் பிரிவுகளை மாற்றி அமைத்தது. அந்தக் குலுக்கலில், 2013-இல் மிச்சிகன் ஸ்டேட்டின் ஊரான ஈஸ்ட் லான்சிங் சென்று ஆடிய மிச்சிகன், 2014-இலும் அங்கேயே போய் ஆட வேண்டும் என்று விழுந்தது. நெப்ராஸ்கா வேறு பிரிவுக்குப் போய்விட்டது. நோட்ர டேம் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்வதாக 2012-இலேயே கடிதம் கொடுத்துவிட்டதால் அந்தத் தொடரும் 2014-உடன் நின்றது.

மிஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் இவை: ஆப்பலேச்சியன் ஸ்டேட், ஓஹாயோவில் உள்ள மயாமி, யூட்டா, மினசோட்டா, பென் ஸ்டேட், இண்டியானா, மேரிலாந்து. இவற்றில் ஒரு வெளியூர்க்காரர் விமானம் ஏறி வந்து பார்க்க நினைப்பது பென் ஸ்டேட் ஒன்றைத்தான். ஆப்பலேச்சியன் ஸ்டேட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 2007 செப்டம்பர் 1 அன்று இதே மைதானத்தில் 34-32 என்று மிச்சிகனை வீழ்த்தி நாட்டையே வாய்பிளக்க வைத்த சிறிய கல்லூரி அது. பழிதீர்க்கும் ஆட்டம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்தத் தோல்வியை மீண்டும் நினைவூட்டிக்கொள்ள எத்தனை ரசிகர்கள் காசு கொடுப்பார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மிச்சிகன் 52-14 என்று வென்றது.

இந்தப் பட்டியல் டிக்கெட் புதுப்பிக்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். ஆகவே, 'எதிர்பாராத நட்டம்' என்று யாரும் சொல்ல முடியாது. எதிர்பாராதது ஒன்றுதான்: அணி இவ்வளவு மோசமாக ஆடும் என்பது. செப்டம்பர் 6 அன்று நோட்ர டேமிடம் 31-0. செப்டம்பர் 20 அன்று யூட்டாவிடம் 26-10. அந்த ஆட்டத்தின் நடுவே மின்னல் காரணமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது பெஞ்சுகள் பெரும்பாலும் காலி. அடுத்த வாரம்தான் மினசோட்டா. மிச்சிகன் 30-14 என்று தோற்றது. தலையில் அடிபட்டுத் தள்ளாடிய இளம் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரரை) மீண்டும் ஆடுகளத்துக்கு அனுப்பியது பெரிய சர்ச்சையாக வெடித்து, மாணவர்கள் ஊர்வலமாகப் போய் விளையாட்டுத் துறை இயக்குநரை நீக்கக் கோரினார்கள்.

அந்தச் சனிக்கிழமை நவராத்திரியின் மூன்றாம் நாள். கேன்டன், நோவை பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்குக் கொலு அழைப்பு ஒரு நல்ல சாக்காக இருந்திருக்கும். மற்றவர்களுக்கு அதுகூட இல்லை.

விலை எப்படி இறங்குகிறது

மறுவிற்பனைத் தளத்தின் திரையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். நீங்கள் இரண்டு இருக்கைகளை எழுபது டாலருக்குப் பட்டியலிடுகிறீர்கள். அதே பகுதியில், நாலு வரிசை கீழே, அதைவிட நல்ல இடத்தில் ஒருவர் அறுபத்தைந்துக்குப் போட்டிருக்கிறார். நீங்கள் அறுபத்திரண்டு ஆக்குகிறீர்கள். இரவு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஐம்பத்தெட்டுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். செவ்வாய், புதன் என்று நாள் நகர நகர, தளத்தில் டிக்கெட் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. சனிக்கிழமை காலை ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது, ஒரு காபிக் காசுக்காவது போகட்டும் என்ற நிலை வந்துவிடும். கையில் ஒற்றை டிக்கெட் மட்டும் மிஞ்சியிருந்தால் அதுவும் கஷ்டம். தனியாக ஆட்டம் பார்க்க வருகிறவர் அபூர்வம்.

இதற்குக் காரணம் எளியது. ஆனால் சீசன் டிக்கெட் வாங்குகிறவர்கள் வாங்கும் நேரத்தில் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டாத ஆட்டம்தான் ஊருக்கும் வேண்டாத ஆட்டம். மயாமி ஆட்டத்தை விற்க நினைக்கும் அதே வாரத்தில் உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் மயாமியை விற்க வருகிறார்கள். ஏழு டிக்கெட்டும் ஒரே அணியின் தலையெழுத்தோடு பிணைந்தவை என்பதால், அணி இரண்டு ஆட்டம் தோற்றால் கையில் மீதமிருக்கும் எல்லா டிக்கெட்டின் விலையும் ஒரே நேரத்தில் இறங்கும். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கலாம் என்பதற்கு இங்கே வழியில்லை.

ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதும் பெரும்பாலான ஆட்டங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. தொலைக்காட்சி நிறுவனங்கள் பன்னிரண்டு நாளுக்கு முன்புதான், சில சமயம் ஆறு நாளுக்கு முன்புதான் நேரத்தை அறிவிக்கும். பகல் பன்னிரண்டு மணி என்றால் தூரத்திலிருந்து வருகிறவர்கள் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். இரவு ஆட்டம் என்றால் சிறு குழந்தை வைத்திருக்கிறவர்கள் தயங்குவார்கள். நல்ல அணியென்றால் இரவு ஆட்டத்துக்கு விலை ஏறும். 2014-இல் பென் ஸ்டேட் ஆட்டம் அப்படி இரவில் நடந்தது. அந்த ஒன்றைத்தான் எல்லோரும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கணக்கு

கீழே வரும் விலைகள் நான் வைத்துக்கொண்டவை. பழைய விற்பனைப் பதிவுகளிலிருந்து எடுத்தவை அல்ல. பெருக்கிக் கழிக்கும் முறையைக் காட்டுவதற்காகவே அவை. விருப்பமுள்ளவர்கள் தங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தம்பதி இரண்டு இருக்கை வாங்குகிறார்கள். ஆட்டத்துக்கு 75 டாலர் வீதம் ஏழு ஆட்டம், இருக்கைக்கு 525. நன்கொடை இருக்கைக்கு 150. இரண்டு இருக்கைக்கும் சேர்த்து மொத்தம் 1,350 டாலர். ஆப்பலேச்சியன் ஸ்டேட்டையும் பென் ஸ்டேட்டையும் பார்க்கிறார்கள், மற்ற ஐந்தை விற்கிறார்கள். மயாமி 30, யூட்டா 45, மினசோட்டா 30, இண்டியானா 25, மேரிலாந்து 20 என்று போகட்டும். இருக்கைக்கு 150 டாலர். அந்த ஆண்டுகளில் ஸ்டப்ஹப் போன்ற தளம் விற்பவரிடம் பொதுவாக 15 சதவீதமும், வாங்குபவரிடம் 10 சதவீதமும் எடுத்தது. கழிவு போக இரண்டு இருக்கைக்கும் கைக்கு வருவது 255 டாலர். ஆக அவர்கள் பார்த்த இரண்டு ஆட்டத்துக்கு ஆன செலவு 1,095.

சீசன் டிக்கெட்டே எடுக்காமல் அந்த இரண்டு ஆட்டத்தை மட்டும் அதே தளத்தில் வாங்கியிருந்தால்? பென் ஸ்டேட் 90, ஆப்பலேச்சியன் ஸ்டேட் 50, அதன்மேல் 10 சதவீதம். இருவருக்கும் 308 டாலர். சீசன் டிக்கெட் எடுத்ததால் 787 டாலர் கூடுதல்.

சரி, கெட்ட ஆண்டை விடுங்கள். 2015-ஐ எடுத்துக்கொள்வோம். மிச்சிகன் ஸ்டேட்டும் ஓஹாயோ ஸ்டேட்டும் இரண்டுமே ஆன் ஆர்பருக்கு வந்த ஆண்டு. அதே 1,350 டாலர். ஓஹாயோ ஸ்டேட் 300, மிச்சிகன் ஸ்டேட் 200, மற்ற ஐந்தும் சராசரியாக 35 என்று தாராளமாகவே வைப்போம். அந்த இரண்டையும் பார்த்துவிட்டு ஐந்தை விற்றால் கைக்கு வருவது 297 டாலர் 50 சென்ட். செலவு 1,052 டாலர் 50 சென்ட். இரண்டையும் வெளியில் வாங்கியிருந்தால் 1,100. லாபம் 47 டாலர் 50 சென்ட்.

நல்ல ஆண்டில் இவ்வளவுதான், கெட்ட ஆண்டில் அவ்வளவு. ஓஹாயோ ஸ்டேட்டின் விலையை 400 ஆக்கினால் நல்ல ஆண்டின் லாபம் 267 டாலர் 50 சென்ட் ஆகும். அப்போதும் இரண்டு ஆண்டையும் கூட்டினால் பள்ளம் மூடாது. விற்கும்போது ஒரு கழிவு, வாங்கும்போது ஒரு கட்டணம் என்று நடுவில் இருக்கும் தளம் மட்டும் எல்லா ஆண்டிலும் சாப்பிடுகிறது.

வேறொரு வழி உண்டு. பெரிய ஆட்டத்தை விற்றுவிட்டுச் சிறியவற்றைப் பார்ப்பது. 2015 கணக்கில் இரண்டு பெரிய ஆட்டங்களையும் விற்றால் கைக்கு 850 டாலர் வரும். மிச்சம் 500 டாலரில் இருவரும் ஐந்து ஆட்டம் பார்க்கலாம், தலைக்கு ஆட்டம் ஒன்றுக்கு 50. அதையும் வெளியில் 38 டாலர் 50 சென்டுக்கு வாங்கிவிடலாம் என்றாலும், இடம் நிரந்தரம், பக்கத்தில் உட்காருகிறவர்கள் பழகியவர்கள். கூட்டத்தின் ஆரவாரம் பிடிக்கும், எதிரி யார் என்பது பொருட்டல்ல என்பவர்களுக்கு இது நியாயமான பேரம். ஒரு சங்கடம்: உங்கள் இருக்கையில் வந்து உட்காரப்போவது பெரும்பாலும் சிவப்புச் சட்டை போட்ட ஓஹாயோ ரசிகர். சுற்றிலும் இருபது ஆண்டுகளாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நீலச் சட்டைக்காரர்கள் அடுத்த செப்டம்பரில் உங்களோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

2015-இல் மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தை விற்றவர்கள் மட்டும் புண்ணியவான்கள். பத்தே விநாடி மீதமிருக்க மிச்சிகன் முன்னிலையில் இருந்தது. பந்தை உதைத்துத் தள்ளினால் போதும். பந்து கையில் நிற்காமல் நழுவி, அதை எதிரணி எடுத்துக்கொண்டு ஓடி, 27-23 என்று ஆட்டம் முடிந்தது. ஓஹாயோ ஸ்டேட்டிடம் 42-13. முந்நூறு டாலர் இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் கணக்கு வேறு

மறுவிற்பனைச் சந்தையில் உங்களோடு போட்டியிடுகிறவர்களில் முக்கியமானவர் டிக்கெட்டை உங்களுக்கு விற்ற பல்கலைக்கழகமே. 2014-இல் விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவர் டேவ் பிராண்டன். அதற்குமுன் டாமினோஸ் பீட்சா நிறுவனத்தை நடத்தியவர். அவர் காலத்தில் ஒற்றை ஆட்ட டிக்கெட்டின் விலையைத் தேவைக்கேற்ப மாற்றும் முறை 2013-இல் வந்தது. மாணவர்களின் சீசன் டிக்கெட் அதே ஆண்டு 295 டாலர் ஆனது. 2014-இல் 280. மாணவர் பகுதியில் இருக்கைகள் காலியாகத் தொடங்கின.

அங்கேதான் அந்த ஒரு லட்சம் மகுடம் வேலையைக் காட்டியது என்பது என் கணிப்பு. டிக்கெட் வைத்திருப்பவருக்கு வேண்டியது விலை. துறைக்கு வேண்டியது தலை எண்ணிக்கை. காலி இருக்கை துறைக்கு அவமானம். ஆகவே விலை சரியும் நேரத்தில், விலையைத் தாங்கிப்பிடிக்க வேண்டியவரே இலவச டிக்கெட்டை விட்டுச் சரிவை வேகப்படுத்துகிறார். கோலா பாட்டிலோடு டிக்கெட் வந்த கதையை இப்படிப் பார்த்தால், அது யாரோ ஒரு விற்பனைப் பிரிவு ஊழியரின் அசட்டுத்தனமாகத் தெரியாது. மினசோட்டா ஆட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட கூட்டம் 1,02,926. ஒரு லட்சம் காப்பாற்றப்பட்டது. மேல்வரிசைகளில் வெறும் பெஞ்சுகள் பளபளத்ததைத் தொலைக்காட்சி பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

பிராண்டன் அக்டோபர் 31 அன்று பதவி விலகினார். பயிற்சியாளர் பிரேடி ஹோக் டிசம்பர் தொடக்கத்தில் நீக்கப்பட்டார். அணி 5 வெற்றி, 7 தோல்வி. மாணவர் டிக்கெட் 2015-க்கு 175 டாலராகக் குறைக்கப்பட்டது. டிசம்பர் 30 அன்று ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்தார். அதற்குப் பிறகு சீசன் டிக்கெட்டை விடுகிறேன் என்று சொன்னவர்களும் புதுப்பித்தார்கள். 2014-இல் வாங்கியவர் உண்மையில் வாங்கியது மயாமியையும் மேரிலாந்தையும் அல்ல, 2015-இல் அதே இருக்கையில் உட்காரும் உரிமையை. அந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 787 டாலரா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

வரியும் சட்டமும்

1980களின் இறுதியிலிருந்து அமெரிக்க வரிச் சட்டத்தில், இருக்கைக்காகக் கட்டும் நன்கொடையில் 80 சதவீதத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. 300 டாலர் கட்டினால் 240. மைதானத்தின் மாடியில் உள்ள சொகுசு அறையை எடுக்கும் பெரும் பணக்காரர்களுக்கு இதில் எவ்வளவு மிச்சமானது என்று நினைத்துப் பாருங்கள். 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சீர்திருத்தச் சட்டம் இந்தச் சலுகையை 2018 முதல் அடியோடு நீக்கியது. அந்த டிசம்பரில் பல பல்கலைக்கழகங்கள் அடுத்த சில ஆண்டுகளின் நன்கொடையை இப்போதே கட்டிவிடுங்கள் என்று ரசிகர்களுக்கு அவசர அவசரமாகக் கடிதம் எழுதின. ஆகவே, 2014-இல் போட்ட கணக்கு இன்று இன்னும் மோசமாகத்தான் வரும்.

விற்பதிலும் ஒரு கோணல் உண்டு. சொந்தமாகப் பார்க்க வாங்கிய டிக்கெட்டை லாபத்துக்கு விற்றால் அந்த லாபத்துக்கு வரி கட்ட வேண்டும். நட்டத்துக்கு விற்றால் அந்த நட்டத்தைக் கழிக்க முடியாது. ஓஹாயோ ஸ்டேட்டில் வந்த லாபத்திலிருந்து மயாமியில் போன நட்டத்தைக் கழித்து நிகர லாபம் இவ்வளவு என்று காட்ட வழியில்லை. எவ்வளவு விற்றால் தளம் வரித்துறைக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்ற வரம்பு 2021-க்குப் பிறகு மாறி மாறி வந்து, 2025-இல் மீண்டும் பழையபடி 20,000 டாலரும் 200 பரிவர்த்தனையும் என்று ஆனது. தகவல் போகவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது.

டிக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல், அரங்க உரிமையாளரின் அனுமதியில்லாமல் விற்பதைத் தடுக்கும் விதி மிச்சிகனின் 1931 குற்றவியல் சட்டத் தொகுப்பிலேயே உண்டு. மைதானத்துக்கு எதிரே பயனியர் உயர்நிலைப் பள்ளி வாகன நிறுத்தத்தின் ஓரம், இரண்டு விரலை உயர்த்திக் காட்டியபடி நிற்கும் பிளாக் டிக்கெட்காரர்களைப் போலீஸ் பார்வையிடும்போது அந்த விதி உயிர்பெறும். இணையத்தில் விற்கிறவர் வீட்டில் சோபாவில் இருக்கிறார்.

விற்பதைவிடப் பங்கு போடுவது

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்து, டிக்கெட்டை விடாமல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்று. விற்பதில்லை, பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மூன்று அல்லது நான்கு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு இருக்கை எடுக்கின்றன. வசந்தத்தில் அட்டவணை உறுதியானதும் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை முடிவாகும். முதலில் வந்தவர் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பார், அடுத்தவர் அடுத்ததை. கடைசியில் வந்தவர் தொடர்ந்து இரண்டை எடுத்துக்கொள்ள, வரிசை திரும்பும். தளத்தின் கழிவு இல்லை, வரி இல்லை, பக்கத்து இருக்கைக்காரரின் முறைப்பும் இல்லை. எல்லாக் குடும்பமும் மொத்தத் தொகையைச் சமமாகப் பிரித்தால் தகராறு வரும். ஓஹாயோ ஸ்டேட்டை எடுத்தவரும் மயாமியை எடுத்தவரும் ஒரே பணம் கட்டுவதா? ஆட்டத்துக்கு ஆட்டம் தனி விலையை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளும் குழுக்கள்தான் நீடிக்கின்றன. பல்கலைக்கழகம் செய்ய மறுக்கும் வேலையை, அதாவது கட்டைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உரிய விலை வைப்பதை, இவர்கள் சமையலறை மேசையில் செய்துவிடுகிறார்கள்.

2014-இன் அந்த வறட்சியான அட்டவணை இன்று இல்லை. 2020-இலிருந்து மிச்சிகன் ஸ்டேட்டும் ஓஹாயோ ஸ்டேட்டும் வெவ்வேறு ஆண்டுகளில் வருகின்றன. 2024-இல் 'பிக் டென்' பதினெட்டு அணிகளாகப் பெருத்தபோது, டெக்சஸ், தென் கலிபோர்னியா, ஆரிகன், மிச்சிகன் ஸ்டேட் நான்கும் ஒரே சீசனில் ஆன் ஆர்பருக்கு வந்தன. அதே 2024-இல் தேசியச் சாம்பியன் போட்டி பன்னிரண்டு அணிகளுக்கு விரிந்து, முதல் சுற்று ஆட்டங்கள் கல்லூரி மைதானங்களிலேயே நடக்கத் தொடங்கின. டிசம்பரில் ஓஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட், நோட்ர டேம், டெக்சஸ் மைதானங்களில் நடந்தவை அப்படி வந்தவை. சீசன் டிக்கெட்டுக்கு இப்போது கூடியிருக்கும் மதிப்பில் கணிசமான பங்கு, வந்தாலும் வரலாம் என்ற அந்த ஒரு டிசம்பர் ஆட்டத்தில் இருக்கிறது.

செலவும் கூடவே ஏறுகிறது. வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பல்கலைக்கழகங்கள் நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம் என்ற நீதிமன்ற உடன்பாடு 2025 ஜூனில் ஒப்புதல் பெற்றது. அதை எதிர்பார்த்தே டென்னசி பல்கலைக்கழகம் 2024 செப்டம்பரில், சீசன் டிக்கெட் புதுப்பிப்பில் 10 சதவீதம் 'திறமைக் கட்டணம்' என்று ஒரு வரியைச் சேர்த்தது. பங்கு போட்டுக்கொள்ளும் குழுக்கள் இனி இரண்டு விஷயத்தைக் கூடுதலாக எழுதி வைக்க வேண்டியிருக்கும்: இப்படித் திடீரென முளைக்கும் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, டிசம்பரில் ஓர் ஆட்டம் வந்துவிட்டால் அந்த இரண்டு இருக்கை யாருக்கு.